கயிற்றோடு விற்ற பாட்டு

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது. இது எங்கள் சந்தையின் சட்டம். எந்தச் சர்க்காரும் போட்டதில்லை, எந்தக் கோர்ட்டிலும் செல்லாது, ஆனாலும் மீறியவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. விலை படிந்தவுடன் விற்றவன் குனிந்து தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வான். வாங்கியவன் தான் கொண்டுவந்த புதுக்கயிற்றைக் கட்டி ஓட்டிக்கொண்டு போவான். பழைய கயிறு கூடவே போனால் தொழுவத்து லட்சுமியும் அதைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விடுவாள். மாட்டுத் தரகர் வேலாண்டியின் வீட்டு விட்டத்தில் அப்படி அவிழ்த்து வந்த கயிறுகள் பாம்புச் சட்டை மாதிரி வரிசையாகத் தொங்கும். ஏமாந்து, ஏமாற்றி, உதைபட்டு, உதைத்து, ஒரு கயிற்றையும் விட்டுக்கொடுக்காமல் நிமிர்ந்த அந்த மனுஷன், தான் பெற்ற மகளின் பாட்டை மட்டும் கயிற்றோடு விற்றார். பாட்டு உலகத்தையே ஆட்டிவைத்தது. அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை, அவர் மகளும் கொடுக்கவில்லை, வேறொருத்தி கொடுத்தாள். நம்புகிறவர் நம்புங்கள், நம்பாதவர் அடுத்த கடைக்குப் போங்கள், சொன்ன விலையில் காலணா குறைக்க மாட்டேன்.

எங்கள் மில் ரோட்டில் பஞ்சு போகிற வழியில்தான் வாழ்க்கையும் போகும். லாரியில் பஞ்சு வரும், பஸ்ஸில் பெண்கள் வருவார்கள், இரண்டும் பெரிய மில்லின் வாசலுக்குள் நுழையும், ஒன்று நூலாக வெளியே வரும், மற்றது இருமலோடு வெளியே வரும். உள்ளே ரிங் ஃபிரேம் என்று நூல் நூற்கும் எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவளின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் பூமியில் ஒன்றே ஒன்று, அது நாங்கள் அம்மனுக்கு இடுகிற குலவை. எவள் முதலில் கோயிலிலிருந்து அதை மில்லுக்குள் கொண்டுவந்தாளோ தெரியாது, அவள் நாக்குக்குத் தங்கம் பூட்ட வேண்டும். சின்னக் குலவை என்றால் இழை நிறைய அறுகிறது, ஒட்ட ஆள் வா என்று அர்த்தம். நீளக் குலவை என்றால் எவளோ எந்திரத்தில் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்; அது காதில் விழுந்தால் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதை அறைந்து எந்திரத்தை நிறுத்த வேண்டும், கேள்வி கிடையாது. கம்பெனி வைத்த அலாரமும் ஒன்று உண்டு. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் அன்றைக்கு மட்டும் அதற்கு உயிர் வரும். எங்கள் விரல்களையும் கூந்தலையும் காப்பாற்றி வந்தது குலவைதான்.

குலவை இடுவதில் மூன்று பேர் கெட்டிக்காரிகள். வேலாண்டியின் மகள் நாகஜோதி எடுத்துக்கொடுப்பாள், கத்தியை உறையிலிருந்து உருவுகிற மாதிரி. பேச்சியம்மாள் நடுவில் சேர்ந்து அதைத் தடிமனாக்குவாள். சுகன்யா கடைசியில் வால் பிடிப்பாள். மற்ற இருவருக்கும் மூச்சு முட்டி நின்ற பிறகும் அவளுடைய வால் நீண்டுகொண்டே போகும், பள்ளத்தில் இறங்கும், திரும்ப ஏறும், அவள் நெஞ்சுக்குள் ஊதுபை ஏதும் வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று கிண்டல் செய்வோம். சுகன்யாவுக்கு அப்பா இல்லை. அம்மா பஞ்சவர்ணம் மில் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள், மகள் இட்ட குலவை கேண்டீன் வரைக்கும் கேட்டால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, முடிகிறவரை நிற்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் இந்த மூவரும் டிபன் பாக்ஸில் தாளம் தட்டி ஒரு பாட்டுக் கட்டினார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, செய்கிற வேலைதான் பாட்டு.

அறுந்தா ஒட்டு, புள்ள, அறுந்தா ஒட்டு,
அறுந்த எடம் தெரியாம ஒட்டு.

இரண்டு அடிக்கு ஒருதரம் நீளக் குலவை. கூடை அடுக்கிய அறைக்குள் புகுந்து, நாகஜோதியின் பழைய ஹெட்செட் ஒயரை ஆணியில் தொங்கவிட்டு, அதன் நடுவில் இருக்கும் குட்டி மைக்கில் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பாடிப் போனில் பிடித்தார்கள். தாங்கள் ஓட்டும் நூலின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: அறுபதாம் நம்பர். அந்த நம்பரின் ரகசியம் என்ன என்று பின்னால் வெள்ளைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். ரகசியம் என்ன ரகசியம், அது மெல்லிசான நூல், அடிக்கடி அறும், அவ்வளவுதான்.

போனில் போட்ட பாட்டு நாலு ஊர் சுற்றுவதற்குள் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார். வெயிலிலும் நிழலிலும் கழற்றாத நீலக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடிக்காரர் என்றே பெயராகிவிட்டது. கையில் காகிதக் கட்டு. வேலாண்டி அந்தக் கட்டைத் தொடவே இல்லை. காகிதத்தில் விலை பேசுகிறவன் கணக்கன், கையில் விலை பேசுகிறவன்தான் வியாபாரி என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை உதறி, தன் கைமேலும் அவர் கைமேலும் போட்டு மூடினார். சந்தையில் மாட்டு விலை அப்படித்தான் பேசுவோம்; துண்டுக்கு உள்ளே விரல் விரலைப் பிடிக்கும், வெளியே இருப்பவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும். மாரிச்சாமியின் டீக்கடை வாசலில் ஊரே கூடி நின்று அந்த முகங்களைப் பார்த்தோம். கண்ணாடிக்காரருக்கு வேர்த்தது. வேலாண்டிக்கு வேர்க்கவில்லை. விரல் மடங்கியது, நிமிர்ந்தது, உதறியது, கடைசியில் அழுந்திப் பிடித்தது.

கையை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடிக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். "குரலும் சேர்த்துத்தானே, ஐயா?"

வேலாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு வருகிற சிரிப்பு அது, எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. "மாட்டை வாங்குறவன் கத்தலைத் தனியாவா வெலை பேசுவான்? எல்லாம் சேர்த்துத்தான், ஓட்டிக்கிட்டுப் போங்க," என்றார்.

பாட்டு இருந்த போனைக் கொடுத்தார். அதில் செருகியிருந்த ஹெட்செட் ஒயரைச் சுற்றி அதன்மேலேயே வைத்துக் கொடுத்தார். "ஏப்பா, கயித்தை அவுத்து வச்சுக்கிட்டுக் குடு," என்று மாரிச்சாமி விளையாட்டாகத்தான் சொன்னார். பாட்டுக்கு ஏதுடா கயிறு என்று வேலாண்டி சொன்னார். நாங்களும் அதற்கும் சேர்த்துச் சிரித்தோம். அந்த ஒயரில்தான் மூன்று பேரின் மூச்சும் பட்டு ஈரமாகி உலர்ந்திருந்தது என்பது ஒரு தலைக்கும் உறைக்கவில்லை.

கம்பெனி அந்தப் பாட்டுக்கு அடியில் செண்டை மாதிரியும் இல்லாத டிரம் மாதிரியும் இல்லாத ஒரு அடியைச் சேர்த்து வெளியிட்டது. முதலில் மினி பஸ்ஸில் ஓடியது, பிறகு ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிற எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கே ஓட்டினார்கள், அவர்கள் வண்டியில் ஏறிய பாகிஸ்தான்காரன் அவன் ஊருக்குக் கொண்டுபோனான், மலேசியாக் கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள், பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு சின்னப் பெண் உறைந்துபோன ஏரிமேல் சறுக்கிக்கொண்டே நம் குலவைக்கு நாக்கைச் சுழற்றினாள், அதை அவள் தேசமே பார்த்தது, அதைப் பார்த்து அடுத்த தேசம் நாக்கைச் சுழற்றியது, பந்து விளையாடுகிற மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் ஒன்றாக "ஒட்டு புள்ள" என்று அர்த்தம் தெரியாமல் ஓலமிட்டார்கள்.

குரல் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் கண்டுபிடித்தவர் மாரிச்சாமி. சுகன்யா டீக்கு நின்றுகொண்டு, "அண்ணே, சக்கரை கம்மியா" என்று சொல்ல வாயெடுத்தாள், சக்கரை வரைக்கும் வந்தது, மிச்சம் வரவில்லை. உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, சத்தம் இல்லை. அந்தச் சமயம்தான் மாரிச்சாமியின் போனில் அவர்கள் பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது. பாட்டு முடிந்தது, விட்ட இடத்திலிருந்து "கம்மியா" என்றாள். மாரிச்சாமி மறுபடி பாட்டைப் போட்டார், சுகன்யா ஊமையானாள், நிறுத்தினார், பேசினாள். டீ ஆறிப்போகிறது அண்ணே, விளையாடாதீங்க என்றாள். உலகத்தில் எந்த மூலையில் எவன் அந்தப் பாட்டைப் போட்டாலும் குரல் அங்கே போய்ப் பாடிவிட்டுத்தான் திரும்பி வரும் என்று மாரிச்சாமி எல்லோருக்கும் விளக்கினார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, விற்ற மாடு வாங்கியவனுக்குத்தான் உழும். எங்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது.

பழகிக்கொண்டோம். மனுஷ ஜென்மம் பழகாதது எது? மினி பஸ் கண்டக்டர் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "குரல் டூட்டிக்குப் போயிருக்கா?" என்று கேட்டு, டிக்கெட்டைத் தானாகவே கிழித்துக் கொடுப்பார். குரல் திரும்பி வருகிறபோது வெறுங்கையோடு வருவதில்லை. ஒருநாள் நாகஜோதியின் குரல் பனி தேசத்திலிருந்து சளி பிடித்து வந்தது, சித்திரை வெயிலில் அவள் பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது. பேச்சியின் குரலில் கடற்கரை மணல் நறநறத்தது. சுகன்யா ஒருதரம் யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் நாலு வார்த்தை சொல்லி, தானே வெட்கப்பட்டு, பிறகு தமிழில் மோர் கேட்டாள். பஞ்சவர்ணம் மகளின் குரல் வரும் நேரத்துக்காகச் சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பாள். வந்ததும், அது மறுபடி கிளம்புவதற்குள், உடம்பு எப்படி இருக்கு, தலைக்கு எண்ணெய் வச்சியா என்று அவசர அவசரமாகக் கேட்டு முடிப்பாள்.

பேச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் தலையைக் குனிந்து பேசாமல் நின்றாள். ஊமைப் பெண்ணைத் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். ஊமை இல்லைங்க, குரல் வெளிநாடு போயிருக்கு என்று கல்யாணத் தரகர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்.

அந்த அம்மா யோசித்தாள். "மாசம் எவ்வளவு அனுப்புது?"

ஒன்றும் அனுப்புவதில்லை, மொத்தமாக விற்றாகிவிட்டது என்று சொன்னோம்.

"சம்பாதிக்காத குரல் எதுக்கு வெளிநாடு போகணும்?" என்றாள் அந்த அம்மா. சம்பந்தம் கலைந்தது.

குரல் இல்லாதவர்களை மேடையேற்ற முடியாதல்லவா, அதனால் கம்பெனி பளபளவென்று வேறு மூன்று பெண்களைப் பிடித்து, அறுபதாம் நம்பர் என்று பெயர் சூட்டி, தேசம் தேசமாக வாயசைக்க அனுப்பியது. அவர்களில் ஒருத்தி வாயைத் திறக்க அதிலிருந்து தன் மகள் குரல் வருவதைப் பஞ்சவர்ணம் போனில் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தோம். அந்தப் புள்ளைக்குப் பல்வரிசை நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். எங்கள் மூன்று பேரும் வழக்கம்போல ரிங் ஃபிரேமில் நின்று இழை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மில் மானேஜருக்குப் பெருமை பிடித்தது. உலகமெல்லாம் பாடுகிற பாட்டு நம் மில்லில் பிறந்தது என்று சொல்லி, தூணுக்குத் தூண் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டி, எந்திர இரைச்சலுக்கு மேலே அதைப் போடச் சொன்னார். முதல்நாள் பாட்டு ஆரம்பித்து நீளக் குலவை வந்தது. வந்ததும் நாங்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பொத்தான்களை அறைந்தோம். மில் முழுக்க நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை. எவள் மாட்டினாள், எவள் மாட்டினாள் என்று ஒருத்தியை ஒருத்தி தொட்டுப் பார்த்தோம். ஒருத்தியும் மாட்டவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மானேஜர் ருத்திரதாண்டவம் ஆடினார். இனி குலவைக்கு எந்திரத்தை நிறுத்துகிறவளுக்குச் சம்பளம் வெட்டு என்றார். அடுத்த குலவைக்கும் எங்கள் கைகள் பாய்ந்தன. கைக்குத் தெரியுமா சம்பள வெட்டு? சூப்பர்வைசர்கள் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாய்ந்த கையை ஸ்கேலால் தட்டினார்கள். மாட்டுக்கு ஏர் பழக்குவது தெரியும் எங்களுக்கு. எங்களுக்குக் குலவை மறக்கப் பழக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. பிறகு குலவை வந்தால் கை இழையை ஒட்டியது, தலை மட்டும் தாளத்துக்கு ஆடியது. புதிதாக வந்த சின்னப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். நாங்களும் ஆடினோம். பொய் சொல்லி என்ன லாபம்?

நாகஜோதி மட்டும் ஆடவில்லை. இப்போது உலகம் அந்தப் பாட்டை விடாமல் போட்டுக்கொண்டிருந்ததால், இடைவெளி தேய்ந்து தேய்ந்து, குரல் வீட்டுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. அப்படி வந்த ஒரு சின்ன நேரத்தில், அப்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நிமிர்ந்து கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஒருத்தி முடி மாட்டிக்கிட்டா நான் எதை வச்சுக் கூப்பிடுவேன்?"

வேலாண்டி பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. வேறு எவளாவது குலவை போடுவாளே என்றார்.

"யாரு போட்டாலும் பாட்டுன்னு ஆடுவாளுக. நாங்க மூணு பேரும் போட்டாத்தான் அது வேற மாதிரி விழும், திரும்பிப் பாப்பாளுக. அதைத்தான் நீங்க ஓட்டிவிட்டுட்டீங்க. திரும்ப வாங்கிட்டு..." அதற்குமேல் உதடு மட்டும் அசைந்தது. எங்கேயோ எவனோ போட்டுவிட்டான்.

வேலாண்டி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சென்னைக்கு ரயில் ஏறினார்.

அங்கே கம்பெனி வாசலில் காவல்காரனிடம் அவர் போட்ட சண்டையையும், கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் உதைத்ததையும் பின்னால் அவரே சொன்னார். கண்ணாடிக்காரர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். வேலாண்டி துண்டை விரித்து, அவர் கையை இழுத்து மூடி, வாங்கியதற்கு இரண்டு பங்கு விரல் காட்டினார், மூன்று பங்கு காட்டினார், வீட்டையும் தொழுவத்தையும் காட்டினார். கண்ணாடிக்காரரின் விரல்கள் துண்டுக்குள்ளே செத்த மீன் மாதிரி கிடந்தன.

"ஐயா, பாட்டு இப்ப எங்ககிட்டயே இல்ல," என்றார். "யார் யார் போன்ல இருக்கோ அவங்க அத்தனை பேர்கிட்டயும் இருக்கு. நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசணும்."

அவர் அதைச் சமாதானமாகச் சொன்னார். வேலாண்டிக்கோ அது வழி சொன்ன மாதிரி இருந்தது. நேராக விமான நிலையத்துக்குப் போய், வெளிநாடு போகிறவர்கள் பெட்டி தள்ளிக்கொண்டு வருகிற வாசலில் துண்டை விரித்துக்கொண்டு நின்றார். ஐயா, அம்மா, ஒரு பாட்டு உங்ககிட்ட இருக்கு, அதைப் போடாம இருக்க என்ன விலை, விரலைக் காட்டுங்க என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சிலர் சில்லறை போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் துண்டுக்குள் கையை விட்டு, வேலாண்டியின் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். போலீஸ்காரர்கள் விரட்டினார்கள். கடைசியாக மறுபடி கம்பெனிக்குப் போய், எதையும் கொடுக்க முடியாவிட்டால் கயிற்றையாவது கொடு என்று கேட்டார். கண்ணாடிக்காரர் மேசை இழுப்பறையைத் துழாவி, அந்த ஹெட்செட் ஒயரை எடுத்து, இதுவா, எடுத்துட்டுப் போங்க என்று சும்மாவே கொடுத்தார். மாடு எங்கேயோ, கயிறு கையில். அதை மடியில் வைத்துக்கொண்டு வேலாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மத்தியானத்தில்தான் அது நடந்தது.

சுகன்யா நின்ற ஃபிரேமின் தலைமாட்டில் பெல்ட் ஓடுகிற இடத்துக்கு மூடி இல்லை. கழன்று விழுந்து மாதக்கணக்கு. மாட்ட வேண்டுமானால் எந்திரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உற்பத்தி குறையும், குறைந்தால் மானேஜருக்கு மேலே இருப்பவன் கேட்பான். பஞ்சு அடைத்திருந்ததை எடுக்கக் குனிந்தாள். தொப்பிக்குள் சுருட்டியிருந்த பின்னல் நழுவியது, பெல்ட் அதைப் பிடித்துக்கொண்டது.

ஒரு தெரு நீளத்துக்கு அப்பால், ஃபிரேமின் கால்மாட்டில் நின்ற நாகஜோதி பார்த்துவிட்டாள். ஓடத் தொடங்கியபடியே வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவள் குரல் எந்தத் தேசத்தில் இருந்தது என்று பிற்பாடு ஆளுக்கொன்று சொன்னார்கள், பிறந்தநாள் வீடு என்றார்கள், கப்பல் என்றார்கள். எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கட்டும், ஒரு இடத்தில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைக்கு மேலே, தூணில் தொங்கிய பெட்டியில் இருந்தது. அவள் திறந்த வாய்க்கு நேராக, அவள் நாக்கு சுழன்ற சுழற்சிக்குச் சரியாக, அந்தப் பெட்டியிலிருந்து அவளுடைய நீளக் குலவை புறப்பட்டது. கத்தியை உருவுகிற மாதிரி அதே குலவை. பேச்சியின் குரல் வந்து சேர்ந்து அதைத் தடிமனாக்கியது. பிறகு சுகன்யாவின் வால், தன் உயிருக்காகத் தானே கூப்பிடுகிற மாதிரி, இறங்கி ஏறி நீண்டு மில் முழுக்க நிறைந்தது. குலவை வந்தது, வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. பொத்தானுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற பெண் தலையை ஆட்டிக்கொண்டே இழையை ஒட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். அவள் கையை ஸ்கேலால் தட்டிப் பழக்கியிருந்தார்கள்.

நாகஜோதி ஓடி வந்து பொத்தானை அறைந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

கேண்டீனில் பஞ்சவர்ணம், மகளின் வால் நீளுகிறதே என்று பாத்திரத்தை வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

சுகன்யாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற அன்று, ரோட்டில் போன ஒரு கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பாட்டோடு எங்களைக் கடந்து போனது. பஞ்சவர்ணம் தலையைத் தூக்கி, "வந்துட்டா," என்றாள். கார் போய்விட்டது. செத்துப்போனது குரலுக்குத் தெரியாது, அது உலகமெல்லாம் சிரித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. வேலாண்டி மடியில் அந்த ஒயரோடு கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். பஞ்சவர்ணம் அவரைத் தேடிப் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"வெலை படிஞ்சுதா, அண்ணே?" என்று கேட்டாள்.

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போன வேலாண்டி விட்டத்தில் தொங்கிய கயிறுகளையெல்லாம் அவிழ்த்து அடுப்பில் போட்டார். ஒயரை மட்டும் போடவில்லை. பிறகு அவர் சந்தைக்கு வந்ததை யாரும் பார்க்கவில்லை.

மானேஜர் பெல்ட்டுக்கு மூடி மாட்டினார். இரண்டு நாள் பாட்டை நிறுத்தினார், மூன்றாம் நாள் வேறு பாட்டுப் போட்டார், அதுவும் சலித்துப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார். உலகமும் அப்படித்தான், ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததைக் கடிக்கும். வேறெங்கோ வேறு நாலு பெண்கள் வேறொரு பாட்டோடு வந்தார்கள். மைதானங்கள் அதை ஓலமிட்டன. அறுபதாம் நம்பர் என்றால் என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இடைவெளிகள் மறுபடி வந்தன. பேச்சிக்கு வார்த்தை வந்தது, அம்மா என்றாள், தண்ணி என்றாள், மெல்லப் பேசத் தொடங்கினாள். நாகஜோதி பேசவில்லை. குரல் வந்து வாசலில் நின்றதை அவள் முகத்தில் பார்ப்போம், தொண்டை அசையும், அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சுகன்யாவின் ஃபிரேமுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் பாஷையில் சோறு, தண்ணி, வலி என்ற வார்த்தைகளை மட்டும் கற்றிருந்தாள். குலவை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம். உலகத்தில் எந்த மூலையிலும் எவனும் அந்தப் பாட்டைப் போடாத ஒரு கணம் வந்தது. எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃபிரேமின் கால்மாட்டில் நின்ற நாகஜோதி தலைமாட்டைப் பார்த்தாள், அங்கே குனிந்து பஞ்சு எடுக்கிற ஒரு முதுகைப் பார்த்தாள், அவள் வாய் திறந்துகொண்டது. அன்றைக்கு இட வேண்டிய நீளக் குலவை, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கால் வீங்கி வந்து சேர்ந்த மாதிரி, அப்போது வெளியே வந்தது. எந்த அடியும் இல்லாமல், எந்த மேளமும் இல்லாமல், பச்சையாக வந்தது. அடுத்த ஃபிரேமிலிருந்து பேச்சி திரும்பிப் பார்க்காமலே அதோடு சேர்ந்தாள்.

முதலில் பொத்தானை அறைந்தவள் அந்த ஒடிசாப் பெண். அவளை யாரும் எதற்கும் பழக்கவில்லையே, பயந்து அறைந்தாள். பிறகு எங்கள் கைகள், ஸ்கேலில் அடிபட்ட கைகள், மறந்துபோனதாக நாங்கள் நினைத்த கைகள், தாமாகவே பாய்ந்தன. ஃபிரேம் ஃபிரேமாக மில் முழுக்க நின்றது. எல்லோரும் ஓடினோம், எவள் மாட்டினாள், எவள் என்று ஒருத்தியை ஒருத்தி தொட்டோம், ஒடிசாப் பெண்ணின் தலையைத் தொட்டோம், பின்னல் தொப்பிக்குள் பத்திரமாக இருந்தது. காப்பாற்ற ஒருத்தியும் இல்லை.

நாகஜோதிக்கு மூச்சு முட்டி நின்றது. பேச்சிக்கும் நின்றது. ஆனால் குலவை நிற்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற ஒடிசாப் பெண்ணுக்குப் பக்கத்தில், ஒருவரும் நிற்காத இடத்திலிருந்து, சுகன்யாவின் வால் நீண்டுகொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கியது, திரும்ப ஏறியது. கேண்டீன் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

மானேஜர் இறங்கி வந்து, எவடி நிறுத்தினது என்று கேட்டார். அவள் முடிக்கட்டும் என்று நின்றோம்.